35 ஒட்டலாம், ஆர்டிஓ அப்ரூவ்டு என்று கடைக்காரர் சொன்னால்

வேலூரிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "தினமும் ராணிப்பேட்டைக்குக் காரில் வேலைக்குப் போய் வருகிறேன். வழியில் மூன்று வயது மகளைப் ப்ளே ஸ்கூலில் விட வேண்டும். ஏசியை எவ்வளவு கூட்டினாலும் கையும் முகமும் சுடுகிறது, பின் சீட்டில் பிள்ளை வெயிலில் வதங்குகிறாள். நானோ செராமிக் ஃபிலிம் 35 ஒட்டினால் 97 சதவீதம் வெப்பம் நின்றுவிடும், ஆர்டிஓ அப்ரூவ்டு, முன் கண்ணாடியும் சேர்த்து 24,000 ரூபாய் என்று கடையில் சொல்கிறார்கள். ஒட்டலாமா, போலீஸ் பிடிப்பார்களா?"

ஒட்டலாம் அம்மா. ஆனால் அவர் சொன்ன 35 வேண்டாம், முன் கண்ணாடியிலும் வேண்டாம். நான்கு கதவுக் கண்ணாடிக்கும் 70 செராமிக் (பீங்கான் நுண்துகள் கலந்த ஃபிலிம்) போட்டுக்கொள்ளுங்கள். அதற்கு 24,000 ஆகாது. காரணத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் கடையில் போய் நின்றால் இதையெல்லாம் உங்களை மறக்கடித்துவிடுவார்கள்.

35, 50, 70 என்று சொல்வது அந்த ஃபிலிம் எவ்வளவு வெளிச்சத்தை உள்ளே விடுகிறது என்ற கணக்கு. விஎல்டி என்பார்கள். எண் குறையக் குறைய இருட்டு. மோட்டார் வாகன விதி 100 சொல்வது இதுதான்: முன் கண்ணாடியும் பின் கண்ணாடியும் குறைந்தது 70 சதவீதம் வெளிச்சத்தை விட வேண்டும், பக்கக் கண்ணாடிகள் குறைந்தது 50. அப்படியானால் 35 அந்தப் பேச்சிலேயே வராது. அதை "லைட் கலர்தான், ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்று விற்கிறவர், பிடிபடும் அன்று உங்கள் பக்கத்தில் நிற்கப்போவதில்லை.

"சரி, அப்போ 50 போட்டுத் தர்றேன், அது சட்டப்படிதான்" என்று அடுத்ததாகச் சொல்வார். இந்த இடத்தில்தான் படித்தவர்களே ஏமாறுகிறார்கள். உங்கள் கார் கண்ணாடி வெறும் கண்ணாடி இல்லை, கம்பெனியிலிருந்து வரும்போதே அதில் லேசான பச்சைச் சாயம் இருக்கும். ஒரு பேச்சுக்கு அது 75 சதவீத வெளிச்சத்தை விடுகிறது என்று வையுங்கள். அதன் மேல் 50 ஃபிலிம் ஒட்டினால் இரண்டையும் பெருக்க வேண்டும், 75-இல் பாதி, அதாவது 37தான் மிச்சம். சட்டம் அளப்பது கண்ணாடியும் ஃபிலிமும் சேர்ந்த அளவை, டப்பா மேல் அச்சடித்த எண்ணை அல்ல. அதே கண்ணாடியில் 70 ஒட்டினால் 52 வரும், தப்பித்தீர்கள். 35 ஒட்டியிருந்தால் 26. இரவில், மழையில், ரிவர்ஸ் எடுக்கும்போது அந்த 26 என்னவென்று தெரியும்.

இதில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். சில கார்களில், குறிப்பாக மேல் வேரியன்ட்களில், புற ஊதாக் கதிரைத் தடுக்கும் அடர் பச்சைக் கண்ணாடியையே கம்பெனியில் போட்டுத் தருகிறார்கள். கம்பெனியே செய்து தருவது 70, 50 என்ற அளவுக்குள் இருக்கும்வரை அதில் யாரும் குறை சொல்ல முடியாது. சிக்கல் அதற்குப் பிறகுதான். அந்தக் கண்ணாடி 70 சதவீதம்தான் விடுகிறது என்றால், அதன் மேல் 70 ஃபிலிம் ஒட்டியதும் 49. ஒரே ஒரு சதவீதத்தில் சட்டத்துக்கு வெளியே போய்விட்டீர்கள். நல்ல ஃபிலிம், நேர்மையான கடை, சரியான பில் எல்லாம் இருந்தும் தப்பு உங்கள் பேரில். அதனால் ஃபிலிமைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் "என் கண்ணாடியை வெளிச்சம் அளக்கும் மீட்டர் வைத்து அளந்து காட்டுங்கள்" என்று கேளுங்கள். கையளவு கருவிதான், ஒழுங்கான கடை எல்லாவற்றிலும் இருக்கும். அளந்த எண் 72-க்குக் கீழே இருந்தால் 70 ஃபிலிம் கூட வேண்டாம், கிட்டத்தட்ட நிறமே இல்லாத 80-க்கு மேல் உள்ள செராமிக் கிடைக்கிறது, அதைக் கேளுங்கள். மீட்டர் இல்லை என்கிற கடையில் ஒட்டாதீர்கள். நான் கண்டிப்பாகச் சொல்லும் ஒரே விஷயம் இதுதான்.

போலீஸ் பிடிப்பார்களா என்ற கேள்விக்கு வருகிறேன். 2012 ஏப்ரல் 27 அன்று உச்ச நீதிமன்றம், எந்த அளவுள்ள ஃபிலிமானாலும் கார் கண்ணாடியில் ஒட்டக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. நம் ஊர் போலீஸ் மனதில் பதிந்திருப்பது அந்தத் தீர்ப்புதான். பிறகு மத்திய அரசு விதி 100-ஐத் திருத்தியது. 2021 ஏப்ரல் 1 முதல், பிளாஸ்டிக் படலத்தோடு சேர்ந்த பாதுகாப்புக் கண்ணாடியும் செல்லும், அளவுகள் மட்டும் அதே 70, 50. கேரள உயர் நீதிமன்றம் 2024 செப்டம்பரில் இதை வைத்துத்தான், அளவுக்குள் இருக்கும் ஃபிலிமுக்கு அபராதம் போடக் கூடாது, வண்டி தயாரிப்பவர் மட்டுமல்ல உரிமையாளரும் ஒட்டிக்கொள்ளலாம் என்றது. விதி நாடு முழுவதற்கும் ஒன்றுதான், ஆனால் கேரளத் தீர்ப்பு தமிழ்நாட்டு போலீசைக் கட்டாயப்படுத்தாது. ஆக, 52 வைத்திருந்தாலும் நிறுத்த வாய்ப்பு இருக்கிறது. முதல் முறை 500 ரூபாய் வரை, அடுத்த முறை 1,500 வரை என்பது சட்டத்தில் உள்ள தொகை.

எனக்கு ஆத்திரம் வரும் இடம் இது. என் சொந்தக் காரில் மீட்டர் கணக்கு 53, அச்சடித்த தாளையும் விதியின் நகலையும் வைத்திருந்தேன். ஒரு சோதனையில் நிறுத்தியவரிடம் மீட்டர் இல்லை, தாளைப் படிக்கவும் நேரமில்லை, விரலால் கண்ணாடி ஓரத்தைச் சுரண்டிப் பார்த்து ஃபிலிம் இருக்கிறது என்று அபராதம் எழுதிவிட்டார். விதியை மாற்றி இத்தனை வருடமாகிறது, சாலையில் நிற்கிறவர் கையில் ஒரு மீட்டரைக் கொடுக்க முடியவில்லை. அதே நேரம், உள்ளே யார் இருக்கிறார்கள் என்றே தெரியாத கன்னங்கரேல் வண்டிகள் கட்சிக்கொடியோடு டோல்கேட்டைத் தாண்டிப் போகின்றன. 70 ஃபிலிமில் வெளியிலிருந்து பார்த்தால் முகம் தெளிவாகத் தெரியும், பெரும்பாலும் யாரும் கவனிக்கவே மாட்டார்கள் என்பதுதான் நடைமுறையில் உங்களுக்குப் பாதுகாப்பு. கடைக்காரர் தரும் "ஆர்டிஓ அப்ரூவ்டு" சான்றிதழை நம்பாதீர்கள். கடையில் ஒட்டும் ஃபிலிமுக்கு ஆர்டிஓ அலுவலகம் அனுமதி தருவதில்லை. ஃபிலிம் மேல் ஒட்டியிருக்கும் க்யூஆர் கோடு அந்த ஃபிலிமைப் பற்றிச் சொல்லுமே தவிர உங்கள் கண்ணாடியைப் பற்றிச் சொல்லாது.

இனி அந்த 97. கடையில் ஒரு பெட்டிக்குள் பல்பு எரியும், ஃபிலிம் ஒட்டிய கண்ணாடிக்குப் பின்னால் கையை வைக்கச் சொல்வார்கள், சூடே தெரியாது, உடனே மயங்கிவிடுவோம். அந்த பல்பு கொடுப்பது பெரும்பாலும் அகச்சிவப்புக் கதிர், செராமிக் நன்றாகத் தடுப்பதும் அதைத்தான். வெயில் அப்படி இல்லை. சூரிய வெப்பத்தில் ஏறக்குறைய பாதிதான் அகச்சிவப்பு, மீதி பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தோடு வருவது. 97 என்பதும் அகச்சிவப்பில் ஒரு சிறு பகுதியை மட்டும் அளந்து போட்ட எண்ணாக இருக்கும். நீங்கள் கேட்க வேண்டியது டிஎஸ்இஆர், அதாவது மொத்த வெயிலில் எவ்வளவு தடுக்கிறது என்பது. நல்ல 70 செராமிக்கில் அது பாதியை ஒட்டி வந்தாலே பெரிது, அந்தப் பாதியிலும் கண்ணாடி தானாகத் தடுக்கும் பங்கு சேர்ந்திருக்கும். சாய்வாக வெயில் விழும்போது அளந்த எண்ணைப் பெரிதாகப் போடும் கம்பெனிகளும் உண்டு, அதனால் எந்தக் கோணத்தில் அளந்தது என்றும் கேட்டுவிடுங்கள்.

அப்படியானால் செராமிக்கால் என்னதான் லாபம்? இருட்டில்லாமல் வெப்பத்தைக் குறைப்பது அதன் பெரிய பலம். சாதாரணச் சாய ஃபிலிம் இருட்டாக்கும், சூட்டை அதிகம் குறைக்காது, ஓரிரு வருடத்தில் ஊதாவாக வெளுக்கும். உலோகப் பூச்சு ஃபிலிம் சூட்டைத் தடுக்கும், ஆனால் செல்போன், ஜிபிஎஸ் சிக்னலையும் கெடுக்கும், முன் கண்ணாடியில் போட்டால் ஃபாஸ்டேக் படிக்காமல் டோலில் நிற்க வேண்டிவரும். செராமிக்கில் இந்தத் தொந்தரவு இல்லை. உங்கள் மகளுக்கு இன்னொரு நன்மை: முன் கண்ணாடி இரண்டு அடுக்குக்கு நடுவே பிளாஸ்டிக் வைத்துச் செய்தது, புற ஊதாக் கதிரை அதுவே தடுத்துவிடும். கதவுக் கண்ணாடி பெரும்பாலும் ஒற்றை அடுக்கு டெம்பர்டு (சூடாக்கிக் கடினமாக்கியது), அதில் தோலைப் பாதிக்கும் கதிர் கணிசமாக நுழையும். ஃபிலிம் அதை ஏறக்குறைய முழுதாக நிறுத்தும். இதற்காகவே நான் ஒட்டச் சொல்கிறேன்.

செராமிக் வெப்பத்தைப் பெரும்பாலும் திருப்பி அனுப்புவதில்லை, உறிஞ்சிக்கொள்கிறது. கண்ணாடியைத் தொட்டால் முன்பைவிடச் சூடாக இருக்கும், அது கெட்டுப்போனதற்கு அடையாளம் இல்லை. ஆனால் வெயிலில் மூன்று மணி நேரம் நிறுத்திய வண்டி ஃபிலிம் இருந்தாலும் கொதிக்கும், ஏசி போட்டதும் சீக்கிரம் தணியும், அவ்வளவுதான். "ஃபிலிம் போட்டாச்சு, குழந்தை உள்ளே தூங்கட்டும்" என்று ஒரு நிமிடம்கூட விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

உங்கள் பாதையைப் பார்த்தால் இன்னொன்று தெரிகிறது. வேலூரிலிருந்து ராணிப்பேட்டை கிழக்கே. காலையில் சூரியனைப் பார்த்துப் போகிறீர்கள், மாலையில் மறுபடியும் சூரியனைப் பார்த்தே திரும்புகிறீர்கள். முகம் சுடுவதற்குக் காரணம் முன் கண்ணாடி. அதற்குத்தான் அவர் ஆசை காட்டுகிறார். ஆனால் 78 விடும் முன் கண்ணாடியில் 88 விடும் நிறமற்ற ஃபிலிம் ஒட்டினாலே 69-க்கு இறங்கிவிடும், விதிக்குக் கீழே. பின் கண்ணாடிக்கும் இதே கதைதான். முன் பக்கத்துக்கு சன் வைசர், கூலிங் கிளாஸ், நிறுத்தும்போது வெள்ளி நிற மடக்குத் திரை, இவ்வளவுதான் வழி. பக்கக் கண்ணாடிக்கு ஃபிலிம் போட்டால் கையும் பிள்ளையும் தப்பிக்கலாம், உங்கள் முகத்துக்குப் பெரிய வித்தியாசம் இருக்காது. இதைத் தெரிந்துகொண்டே பணம் கொடுங்கள்.

ஒட்டும் அன்று நீங்கள் கூடவே நில்லுங்கள். ரோலை டப்பாவிலிருந்து உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள், ரோலில் உள்ள சீரியல் எண்ணும் வாரன்டி கார்டில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள், கம்பெனி வெப்சைட்டில் அங்கேயே பதியச் சொல்லுங்கள். ஜெராக்ஸ் வாரன்டி கார்டோடு வந்து என்னிடம் அழுதவர்கள் எத்தனையோ பேர். வெட்டும்போது பிளேடால் கண்ணாடி ரப்பரைக் கிழிக்காமல் பார்க்க வேண்டும். முடித்ததும் நான்கு கண்ணாடியையும் மறுபடி மீட்டரில் அளந்து, எண்ணை பில்லிலேயே எழுதி சீல் வாங்குங்கள். அப்புறம் நான்கைந்து நாள் கண்ணாடியை இறக்கக் கூடாது, மழைக்காலமாக இருந்தால் ஒரு வாரம். அதற்குள் தெரியும் சின்னச் சின்ன நீர்க்குமிழி தானாகக் காய்ந்துவிடும். பத்து நாள் கழித்தும் குமிழி இருந்தால் தூசி உள்ளே மாட்டியிருக்கிறது, மாற்றித் தரச் சொல்லுங்கள்.