கேளுங்க அண்ணாச்சி: ஒரு ‘<’ குறிக்கு ரெண்டு வேலை

கேள்வி: அண்ணாச்சி, கடைசி வருஷ ப்ராஜெக்ட்டுக்காகத் தமிழ்ச் சொற்களில் நிரல் எழுதும் சின்ன மொழி ஒன்றுக்குப் பைசன் (இலக்கண விதிகளைக் கொடுத்தால் நிரலைப் படிக்கும் பார்சரை எழுதித் தரும் கருவி) வைத்து கம்பைலர் செய்கிறோம். ஒரே நிரலைப் பல தரவு வகைகளுக்கும் பயன்படுத்த உதவும் ஜெனரிக் வசதியை ‘< >’ போட்டுச் சேர்த்ததும் ஷிஃப்ட்-ரெட்யூஸ் மோதல் என்று எச்சரிக்கை வந்தது. கண்டுகொள்ளவில்லை. இப்போது ‘வயது < 18’ கூடப் பிழை என்கிறது. என்ன செய்ய?
– மாணவர், பேட்டை

பதில்: நீங்கள் அனுப்பிய இலக்கணக் கோப்பை ப்ரின்ட் எடுத்து அம்பாசமுத்திரம் பஸ்ஸில் படித்தேன், தம்பி. சேரன்மகாதேவி வருமுன்னே இடம் தெரிந்துவிட்டது.

‘வயது’ என்ற பெயரைப் படித்த பார்சர் அடுத்து ‘<’ஐப் பார்க்கிறது. பெயரை ஒரு கோவையாக (எக்ஸ்பிரஷன்) சுருக்கிவிட்டு, அதாவது ரெட்யூஸ் செய்துவிட்டு, ஒப்பீட்டுக்குப் போகலாம். இல்லை, ‘<’ஐ எடுத்துக்கொண்டு, அதாவது ஷிஃப்ட் செய்து, ஜெனரிக்குக்குள் நுழையலாம். நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் பைசன் ஷிஃப்ட் பக்கம்தான் சாயும். உள்ளே போய் வகைப் பெயரைத் தேடினால் 18 நிற்கிறது! முன்னுரிமை வரி சேர்த்து மறுபக்கம் தள்ளினால் ஒப்பீடு பிழைக்கும், ஜெனரிக் செத்துப்போகும்.

உண்மையான சிக்கல் இந்த வரியில் இருக்கிறது: செய்(அ < ஆ, இ > (ஈ)). இது இரண்டு ஒப்பீடுகளா, ‘அ’ என்ற ஜெனரிக் செயற்கூறை அழைப்பதா? இரண்டுமே சரியான வாசிப்புதான். அதனால் முடிவு எடுக்க வேண்டியது மொழியை வகுக்கிற நீங்கள், பைசன் அல்ல.

சி ஷார்ப் மொழிக்காரர்கள் 2005இல் ஜெனரிக்கைக் கொண்டுவந்தபோது, மூடும் ‘>’க்கு அடுத்த டோக்கனை (சொல் அல்லது குறியை) பார்த்தார்கள். ‘(’ போன்ற சில குறிகள் வந்தால் ஜெனரிக், மற்றபடி ஒப்பீடு. பழைய நிரல் எழுதியவர்கள் ஏராளம் என்பதால் அவர்களுக்கு அது தேவைப்பட்டது. கோ மொழிக்காரர்கள் 2022இல், 1.18 பதிப்பில், இந்தக் குழப்பத்துக்காகவே சதுர அடைப்பைத் தேர்ந்தார்கள். எனக்கு இதுதான் பிடிக்கும். உங்கள் மொழியில் பழைய நிரல் என்று என்ன இருக்கிறது? நீங்களும் கூட்டாளியும் எழுதியதுதானே. தைரியமாக மாற்றுங்கள்.

சதுர அடைப்பும் சும்மா வராது. உங்கள் அணிகளும் (அர்ரே) அதையேதான் பயன்படுத்துகின்றன. ‘பட்டியல்[எண்](ப)’ என்பதில் ‘எண்’ வகையா மாறியா என்று பார்சருக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம். பார்சர் கட்டும் மரத்தில் இரண்டுக்கும் ஒரே வகை முனையைக் கட்டிவிட்டு, பெயர்ப் பட்டியல் கையில் இருக்கும் வகைச் சோதனைக் கட்டத்தில் பிரியுங்கள்.

பைசன் 3.7 முதல் கவுன்டர்எக்ஸாம்பிள் எச்சரிக்கை என்ற வசதி உண்டு. அதை இயக்கினால், மோதுகிற வரியையே எடுத்துக்காட்டாக எழுதிக் காட்டும். மோதல் எண்ணிக்கையை ‘எக்ஸ்பெக்ட்’ வரியில் போட்டு எச்சரிக்கையின் வாயை அடைக்கும் வேலை மட்டும் வேண்டாம், ஐயா. மேலே சொன்ன ‘செய்’ வரியைச் சோதனைக் கோப்பில் சேர்த்துவிட்டு அடுத்த வசதிக்குப் போங்கள்.