பத்து கோர் பெரிதா, ஆறு கோர் பெரிதா?

வாசகர் கேள்வி-பதில்: கம்ப்யூட்டர் பக்கம்

கேள்வி: போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறேன், கல்யாண ஆல்பம் டிசைன்தான் முக்கிய வேலை. புது சிஸ்டத்துக்கு இரண்டு கொட்டேஷன் வாங்கினேன். ஒன்று ஆல்-இன்-ஒன், ‘கோர் ஐ5-1235யூ, 10 கோர்’. இன்னொன்று சாதாரண டவர், ‘கோர் ஐ5-12400, 6 கோர்’. இரண்டிலும் 16 ஜி.பி. ரேம், 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி. விலையும் ஏறக்குறைய ஒன்றுதான். கடைக்காரர் பத்து கோரை எடுக்கச் சொல்கிறார். எடுக்கலாமா?
– ஒரு வாசகர், கும்பகோணம்

வேண்டாம், டவரை எடுங்கள்.

இரண்டுமே ஐ5, இரண்டுமே 12-வது தலைமுறை என்பதால் ஒரே ஜாதி என்று தோன்றும். ஆனால் 1235யூ லேப்டாப்புக்காகச் செய்த சிப். அதன் பத்து கோரில் (சிப்புக்குள் கணக்குப் போடும் பகுதிதான் கோர்) பெரிய கோர் இரண்டுதான், மீதி எட்டும் மின்சாரம் மிச்சம் பிடிக்கிற சின்ன கோர்கள். 12400-ல் இருக்கும் ஆறுமே பெரியவை. அதாவது இரண்டு கொத்தனாரும் எட்டு சித்தாளும் ஒரு பக்கம், ஆறு கொத்தனார் இன்னொரு பக்கம். ஆள் கணக்கை மட்டும் சொல்லி விற்கிறார்கள். அடிப்படை மின் அளவைப் பாருங்கள், முன்னதற்கு 15 வாட், பின்னதற்கு 65 வாட். ஒரு சிப் எவ்வளவு நேரம் முழு வேகத்தில் தாக்குப்பிடிக்கும் என்பதை கோர் எண்ணிக்கையைவிட இந்த எண்தான் தெளிவாகச் சொல்லும், ஆனால் கொட்டேஷனில் இதை யாரும் போடுவதில்லை.

இதில் ஒரு சிக்கல் உண்டு. இரண்டு சிப்புக்கும் உச்ச வேகம் ஒன்றுதான், 4.4 கிகாஹெர்ட்ஸ். போட்டோஷாப்பில் பிரஷ் போடுவது, லேயர் நகர்த்துவது போன்ற பல வேலைகள் ஒன்றிரண்டு கோரிலேயே ஓடுகின்றன. அதனால் கடையில் நின்று ஒரு படத்தைத் திறந்து இரண்டு நிமிடம் தட்டிப் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி பறக்கும், கடைக்காரரும் “பாருங்க சார், என்ன வித்தியாசம்?” என்பார். வித்தியாசம் தெரிவது ராத்திரி ஐந்நூறு ரா படங்களை (கேமராவின் பதப்படுத்தாத மூலப் பதிவுகளை) மொத்தமாக எக்ஸ்போர்ட் போடும்போதுதான். அப்போது எல்லா கோரும் சேர்ந்து உழைக்க வேண்டும், சூடு ஏறும். ஆல்-இன்-ஒன்னில் மானிட்டர் முதுகில் சின்ன ஃபேனோடு அடைத்து வைத்த சிப் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கடை ஏசியில் இருக்கிறது, சித்திரை வெயிலில் உங்கள் ஸ்டூடியோ அறை எப்படி இருக்கும் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

அப்புறம் ரேம். 12-க்கு 36 அங்குல ஆல்பம் ஷீட் 300 டி.பி.ஐ.யில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) 10,800-க்கு 3,600 பிக்சல், கிட்டத்தட்ட 3 கோடியே 89 லட்சம். முழுப் பரப்பையும் நிரப்புகிற ஒரு லேயர், ஒரு பிக்சலுக்கு 3 பைட் என்று வைத்தால், சுமார் 117 எம்.பி. பின்னணி, டெக்ஸ்சர், நிழல், நாலைந்து படம் என்று இருபது லேயர் போட்டு, செய்ததைத் திருப்ப உதவும் ஹிஸ்டரியையும் சேர்த்து, பக்கத்தில் இன்னும் இரண்டு ஷீட்டையும் திறந்து வைத்தால் 16 ஜி.பி. பத்தாது. ரேம் நிறைந்ததும் போட்டோஷாப் எஸ்.எஸ்.டி.யை எடுத்துக்கொள்ளும், அங்கேதான் மெஷின் இழுக்க ஆரம்பிக்கும். ஆகவே டவரையே வாங்கி 32 ஜி.பி.யாக்குங்கள். பணம் மிஞ்சினால் நல்ல மானிட்டருக்குப் போடுங்கள், ஆல்பம் வேலைக்கு நிறம் சரியாகத் தெரியவில்லையென்றால் வேகம் இருந்து என்ன பயன்.

முடிவெடுக்கும் முன் உங்கள் ரா படங்களில் நூறை பென் டிரைவில் கொண்டுபோய், அதை மெஷினின் எஸ்.எஸ்.டி.க்குள் காப்பி செய்து, நீங்கள் தினமும் போடும் அதே செட்டிங்கில் எக்ஸ்போர்ட் போட்டு, போனில் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பாருங்கள். பென் டிரைவிலிருந்து நேராக ஓட்டினால் பென் டிரைவின் வேகத்தைத்தான் அளப்பீர்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது டாஸ்க் மேனேஜரில் சி.பி.யூ. வேகம் முதல் அரை நிமிடத்தில் எவ்வளவு, ஐந்து நிமிடம் கழித்து எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். விடமாட்டேன் என்கிற கடையில் வாங்காதீர்கள்.

கேள்வி: ஸ்கோர் பார்த்து கம்ப்யூட்டர் வாங்குவது சரியா? யூடியூபில் எல்லாரும் சினிபெஞ்ச், கீக்பெஞ்ச் என்று காட்டுகிறார்களே?
– ஒரு மாணவி, மதுரை

ஸ்கோர் பொய்யில்லை. எதை அளக்கிறது என்று தெரிந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான். சினிபெஞ்ச் என்பது 3டி காட்சி ஒன்றை ரெண்டர் செய்கிற வேலை. எத்தனை கோர் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். நீங்கள் பிளெண்டரில் ரெண்டர் செய்பவர் என்றால் அந்த எண் உங்களுக்கு நேரடியாகப் பொருந்தும். எக்செல்லும் பிரவுசரும்தான் வேலை என்றால் அதிலுள்ள சிங்கிள் கோர் எண்ணை மட்டும் பாருங்கள். கீக்பெஞ்ச் சின்னச் சின்னச் சோதனைகளாக, நடுவில் இடைவெளி விட்டு ஓடுவது, அதனால் சூடாகி மந்தமாகும் மெஷின்கூட அதில் நல்ல மார்க் வாங்கிவிடும். சினிபெஞ்ச் ஆர்23 வழக்கமான அமைப்பில் பத்து நிமிடம் ஓடும், அந்த வகையில் அது மேல்.

எண்ணை வைத்து ஏமாறுவது புதிதல்ல. 2000 நவம்பரில் இன்டெல் பென்டியம் 4-ஐ 1.4, 1.5 கிகாஹெர்ட்ஸில் கொண்டுவந்தது. கிகாஹெர்ட்ஸ் ஏறினால் வேகம் ஏறும் என்று உலகமே நம்பியிருந்த காலம். ஆனால் பல அன்றாட வேலைகளில் 1 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 3-யும், 1.2 கிகாஹெர்ட்ஸ் ஏ.எம்.டி. அத்லானும் அதற்கு ஈடு கொடுத்தன, சிலவற்றில் முந்தின. பென்டியம் 4 ஒவ்வொரு துடிப்பிலும் (1 கிகாஹெர்ட்ஸ் என்றால் விநாடிக்கு நூறு கோடி துடிப்பு) முடிக்கிற வேலை குறைவு என்பதுதான் காரணம். மறு வருடமே ஏ.எம்.டி., 1.53 கிகாஹெர்ட்ஸில் ஓடிய சிப்புக்கு ‘அத்லான் எக்ஸ்பி 1800+’ என்று, 1.8 கிகாஹெர்ட்ஸுக்கு ஈடு என்பதுபோலப் பேர் வைத்து, கிகாஹெர்ட்ஸைப் பார்க்காதே என்றது. ஸ்கோர்களும் இந்தச் சண்டைக்கு வெளியே நிற்கவில்லை. சர்வர் உலகம் மிகவும் மதிக்கிற, வேகச் சோதனைகளை வெளியிடும் ஸ்பெக் அமைப்பே 2024-ல் இன்டெல் சிப்களின் 2,600-க்கும் மேற்பட்ட முடிவுகள் செல்லாது என்று அறிவித்தது. குறிப்பிட்ட ஒரு சோதனை மட்டும் வேகமாக ஓடும்படி கம்பைலரில் (நிரலைச் சிப்புக்குப் புரியும்படி மாற்றும் மென்பொருளில்) திருத்தம் செய்திருந்ததுதான் காரணம். சோதனையில் கிடைத்த அந்த வேகம் மற்ற நிரல்களுக்குக் கிடைக்காது.

ஒரே வேலையை இரண்டு மெஷினும் எத்தனை நிமிடத்தில் முடித்தன என்று காட்டுகிற வீடியோவைத் தேடிப் பாருங்கள். அதுவும் நீங்கள் செய்கிற வேலையாக இருந்தால்தான் உதவும்.

கேள்வி: கணக்கு அலுவலகத்துக்கு மூன்று சிஸ்டம் வேண்டும். பழைய கம்பெனி மெஷின், கோர் ஐ7-4770, மலிவாகக் கிடைக்கிறது. புது ஐ3-12100 அதைவிட விலை. ஐ7 நல்லதுதானே?
– ஒரு வாசகர், ஈரோடு

2013-ல் நல்லது. இரண்டிலும் நாலு கோர், எட்டு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசை). ஆனால் ஒரு கோருக்கு ஒரு கோர் என்று ஓட்டினால் அந்த ‘சின்ன’ ஐ3, பழைய ஐ7-ஐவிட சுமார் ஒன்றரை மடங்கு வேகம். ஐ3, ஐ5, ஐ7 எல்லாம் ஒரே தலைமுறைக்குள் ஒப்பிட வைத்த பேர்கள், ஒன்பது வருட இடைவெளியில் அவற்றுக்கு அர்த்தமில்லை. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக இந்த ஐ7-இன் நாலாம் தலைமுறையை ஏற்காது, விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. வாடிக்கையாளரின் வரிக் கணக்கை வைத்திருக்கும் மெஷினை அப்படி விடக்கூடாது. பழசுதான் கட்டுப்படியாகும் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் கீழே போகாதீர்கள், ஹார்ட் டிஸ்க் இருந்தால் கழற்றிவிட்டு சாதாரண சாட்டா எஸ்.எஸ்.டி. போடுங்கள். டேலிக்கு அது போதும், அதைவிட வேகமான என்விஎம்இ வகை எஸ்.எஸ்.டி. போட்டாலும் கணக்கு எழுதுகிறவருக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது.

கேள்வி: 16 ஜி.பி. ஒரே ஸ்டிக்கா, 8+8-ஆ?
– ஒரு வாசகர், நெய்வேலி

தனி கிராபிக்ஸ் கார்டு இல்லையென்றால் கண்டிப்பாக 8+8. உள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ், ரேமைத்தான் பங்கு போட்டுக்கொள்கிறது. டிடிஆர்4-3200 வகை ரேம் ஒரு ஸ்டிக்கில் விநாடிக்கு 25.6 ஜி.பி. தரவு தரும், இரண்டில் 51.2. கேம் விளையாடும் பையன் வீட்டில் இருந்தால் முதல் நாளே கண்டுபிடிப்பான்.

கேள்வி: கல்யாண வீடியோ எடிட் செய்கிறேன். ஐ5-12400எஃப், ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு போட்டு அசெம்பிள் செய்தேன். என் சோனி கேமராவின் 4கே 10 பிட் கிளிப் பிரீமியர் டைம்லைனில் திக்கித் திக்கி ஓடுகிறது. நண்பரிடம் கார்டே இல்லாத வெறும் 12400, அதில் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. என் கார்டு பழுதா?
– ஒரு வாசகர், நாகர்கோவில்

பெரும்பாலும் கார்டில் பழுதில்லை, பேருக்குப் பின்னால் இருக்கிற அந்த ‘எஃப்’தான் விஷயம். எஃப் என்றால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. உங்கள் கிளிப் 4:2:2 நிற அமைப்பில், ஹெச்.இ.வி.சி. என்ற வீடியோ சுருக்க வடிவில் பதிவானதா என்று கேமரா மெனுவில் பாருங்கள். அப்படியென்றால் அதைப் பிரித்துக் காட்டும் தனிச் சுற்று இன்டெலின் உள்கிராபிக்ஸில் இருக்கிறது, என்விடியாவில் ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் வந்தது. உங்கள் 3060-ல் இல்லை, அதனால் மொத்தப் பாரமும் சி.பி.யூ. தலையில். கேம் ஸ்கோரில் நண்பரின் மெஷின் உங்களுடையதற்குக் கிட்டவே வராது, இந்த ஒரு வேலையில் மட்டும் அது முந்துகிறது.

செலவில்லாத வழி, பிரீமியரில் பிராக்ஸி (எடிட்டுக்காக மட்டும் வைக்கிற லேசான நகல்) உருவாக்கி எடிட் செய்வது. கொஞ்சம் செலவு செய்யலாம் என்றால் 12400எஃப்-ஐ விற்றுவிட்டு எஃப் இல்லாத 12400-ஐ அதே மதர்போர்டில் போடுங்கள். பிறகு பயாஸில் (மதர்போர்டின் அமைப்பு மெனுவில்) உள்கிராபிக்ஸை ஆன் செய்ய மறக்காதீர்கள், தனி கார்டு இருந்தால் பல போர்டுகள் அதைத் தானாகவே அணைத்து வைத்துவிடும்.