கரீபியன் கப்பலில் கரைச்சுற்றுலா: 1.5 லட்சத்தை எப்படிப் பிரிப்பது?

கேள்வி: பல்லடத்தில் விசைத்தறி வைத்திருக்கிறேனுங்க. வயது 52. மனைவிக்கு 47, மகன் கல்லூரியில் படிக்கிறான். வரும் மே மாதம் அமெரிக்காவின் மயாமியிலிருந்து 7 இரவுக் கப்பல் பயணம். மெக்சிகோவின் கொசுமெல், கேமன் தீவுகளின் கிராண்ட் கேமன், ஜமைக்காவின் ஓச்சோ ரியோஸில் நிற்கும். கடலில் நீந்த, அருவி ஏற ஆசை. கரைச்செலவுக்கு 1.5 லட்சம் ஒதுக்கியுள்ளோம். போதாவிட்டால் 5 லட்ச ரூபாய் ஏலச்சீட்டைத் தள்ளி எடுக்கலாமுங்களா? சுற்றுலாவைக் கப்பலிலேயே வாங்குவதா, வெளியே பேசுவதா?

பதில்: சீட்டைத் தொடாதீங்க. 1 லட்சம் தள்ளி எடுத்தால் கைக்கு 4 லட்சத்துக்கும் குறைவாகத்தான் வரும். அதற்குப் பிறகும் மீதித் தவணைகளைக் கட்ட வேண்டும். பாவு நூல் வாங்க எடுத்தால் அந்தத் தள்ளை லாபத்தில் மீட்கலாம், இதில் மீட்க வழியில்லை. உங்கள் 1.5 லட்சமே போதும்.

டாலர் 90 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கார்டில் 3.5% அந்நியச் செலாவணிக் கட்டணமும் அதன்மேல் 18% ஜிஎஸ்டியும் சேர்ந்தால் 4.13% போய்விடும். மிஞ்சுவது ஏறக்குறைய 1,600 டாலர். அதில் 320 டாலரைத் தனியே வையுங்கள். டாக்ஸி, டிப்ஸ், காலணி வாடகை எல்லாம் அதிலிருந்துதான். மீதி 1,280 டாலரை மூன்று பேர், மூன்று துறைமுகம் என்று ஒன்பதாகப் பிரித்தால் ஒரு துறைமுகத்துக்குத் தலைக்கு 142 டாலர். இதை ஒரே அளவாகச் செலவழிக்க வேண்டாம்.

எங்கே தாமதம் நேர வாய்ப்பு அதிகமோ அங்கே கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாவை வாங்குங்கள். அது தாமதமானால் கப்பல் காத்திருக்கும், அல்லது அடுத்த துறைமுகத்துக்கு அவர்கள் செலவில் அனுப்புவார்கள். வெளியாள் சுற்றுலாவில் அந்தப் பாதுகாப்பு இல்லை. கப்பலைத் தவறவிட்டால் விமானம், விடுதி எல்லாம் உங்கள் தலையில்.

கிராண்ட் கேமனில் பெரிய கப்பல் கரைக்குச் சற்றுத் தள்ளிக் கடலில் நிற்கும், சிறு படகில்தான் கரை சேர வேண்டும். திருக்கை மீன்களைப் பக்கத்தில் பார்க்கும் ஸ்டிங்ரே சிட்டி மணல்திட்டில் இடுப்பளவுத் தண்ணீர்தான், நீச்சல் தெரியாதவரும் நிற்கலாம். ஆனால் சிறு படகு, பேருந்து, மறுபடி படகு என்று மூன்று கட்டம். ஒன்று தாமதித்தாலும் நேரம் போய்விடும். இங்கே கப்பல் சுற்றுலாவே சரி.

ஓச்சோ ரியோஸிலிருந்து டன்ஸ் ரிவர் அருவி பக்கத்தில்தான், அதனால் வெளியே பேசலாம். சுமார் 180 மீட்டர் நீளத்துக்கு வழுக்குப் பாறை ஏற வேண்டும். பிடிப்புள்ள நீர்க்காலணி கட்டாயம், இங்கிருந்தே வாங்கிப் போனால் மலிவு. கப்பல் ஓச்சோ ரியோஸில் நிற்காமல் ஜமைக்காவின் இன்னொரு துறைமுகமான ஃபால்மத்தில் நின்றால் கணக்கு மாறும்: அருவிக்கு ஒரு வழியே ஒரு மணி நேரத்துக்கு மேல். அப்போது கப்பல் சுற்றுலாதான்.

கொசுமெலின் பலன்கார் பவளப்பாறையில் ஸ்நோர்கெல் (மூச்சுக்குழாய் மாட்டி நீர்மட்டத்தில் நீந்திப் பார்ப்பது) போவது நீரோட்டத்தோடு மிதந்து போவது. தோட்டத்துக் கிணற்றில் நீந்திப் பழகிய கைக்கும் இது வேறு: தண்ணீர் உங்களை இழுத்துச் செல்லும், படகு பின்னால் வந்து ஏற்றிக்கொள்ளும். மனைவிக்கு நீச்சல் சரளமில்லை என்றால் மிதவை ஜாக்கெட்டும் வழிகாட்டியும் உள்ள சிறு குழுவுக்குக் கூடுதலாகக் கொடுங்கள். மூன்று நாளில் அதிகம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான்.

பலரும் ஏமாறுவது நேரத்தில். மேயில் மயாமி கடிகாரம் இந்த மூன்று தீவுகளையும்விட ஒரு மணி முன்னால் ஓடும். கப்பல் மயாமி நேரத்திலேயே இருந்தால், கரையில் தானாக மாறிய போன் 3.30 காட்டும்போது கப்பலில் 4.30. பொதுவாகக் கிளம்புவதற்கு அரை மணி முன்பே ஏறிவிட வேண்டும். ஆகவே கப்பல் நேரம் காட்டும் கைக்கடிகாரம் கட்டிக்கொள்ளுங்கள். வெளியாளிடம் பேசினால் ஏறும் நேரத்துக்கு இரண்டு மணி முன்பாகவே திரும்பச் சொல்லுங்கள். பாஸ்போர்ட் நகலும், கப்பலில் தரும் தினசரி நிகழ்ச்சித் தாளில் உள்ள துறைமுக ஏஜென்டின் எண்ணும் பையில் இருக்கட்டும்.

கடல் கொந்தளித்தால் கப்பல் நிற்காமலே போகலாம். கப்பலில் வாங்கிய சுற்றுலாவுக்குப் பணம் திரும்பும். வெளியாளிடம் ‘கப்பல் நிற்காவிட்டால் முழுப் பணமும் திருப்பித் தரப்படும்’ என்று எழுத்தில் வாங்கிய பிறகே முன்பணம் கட்டுங்கள்.

பயணக் காப்பீட்டில் ‘அமெரிக்கா உட்பட’ என்ற வகையையே எடுங்கள். சாகச விளையாட்டு விலக்கில் ஸ்நோர்கெல் வருகிறதா என்று முன்பே கேளுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம் இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். மறைத்தால் கிளெய்ம் நிற்காது. அமெரிக்க விசா பலமுறை நுழையும் வகையா என்பதையும் பாருங்கள். டூர் கம்பெனி பிடிக்கும் டிசிஎஸ் (உங்கள் பெயரில் முன்கூட்டியே வசூலித்து அரசுக்குக் கட்டும் வரி) செலவல்ல. வருமான வரித் தளத்தில் உங்கள் கணக்கில் தெரிகிறதா என்று பார்த்து, ரிட்டர்ன் தாக்கலில் வரியில் கழித்துக்கொள்ளலாம்.