அம்மா நெஞ்சு வலியை ‘வாயு’ என்று ஒதுக்குகிறார், என்ன செய்வது?

"மாரடைப்பெல்லாம் ஆம்பளைங்களுக்குத்தான்" என்று அம்மா பரிசோதனைக்கு வர மறுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். தனக்கு வராது என்று நம்பும் நோய்க்காக யாரும் உப்பைக் குறைக்க மாட்டார்கள். 1950களில், இலவசக் காசநோய் எக்ஸ்ரேவுக்குக்கூட மக்கள் ஏன் வரவில்லை என்று அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையினர் ஆராய்ந்தார்கள். எனக்கு வருமா, வந்தால் எவ்வளவு மோசம், பரிசோதித்தால் பலன் உண்டா, போவதில் என்ன சிரமம் என்ற மனக்கணக்குதான் முடிவு செய்கிறது என்று கண்டார்கள்.

நம் வீடுகளில் அந்தக் கடைசிக் கேள்விதான் பெரியது. என் பெரியம்மா இரண்டு நாள் தாடை வலியோடும் மூச்சிரைப்போடும் ஓமத் தண்ணீர் குடித்துக்கொண்டே மாவு அரைத்தார். "நான் படுத்துட்டா யாரு சமைப்பா?" என்றார். ஈசிஜி எடுத்தபோது மாரடைப்பு என்று தெரிந்தது. பெண்களுக்கும் நெஞ்சு வலிதான் முக்கிய அறிகுறி. ஆனால் மூச்சுத்திணறல், குமட்டல், தாடை, முதுகு வலி, அசதி ஆகியவை அவர்களுக்குக் கூடுதலாகச் சேர்ந்து வரும். அதனால்தான் வாயு என்று ஏமாந்துபோகிறோம். இப்போதே வலி இருந்தால் பேசிக்கொண்டிருக்காமல் 108ஐ அழையுங்கள்.

இல்லையென்றால், பயமுறுத்தாமல் ஒன்று கேளுங்கள்: "என்னைச் சுமந்தப்போ உங்களுக்கு பிரஷர், சுகர் இருந்துச்சா?" என்று அவரே யோசிக்கும்படி கேளுங்கள். கர்ப்பகாலத்தில் அவை இருந்தவர்களுக்குப் பிற்காலத்தில் இதய நோய் அபாயம் அதிகம். மாதவிடாய் நின்றபின் எல்லோருக்குமே கூடும். பிரஷரைக் கட்டுக்குள் வைத்தால் அபாயம் குறையும் என்பதையும் கையோடு சொல்லிவிடுங்கள். தமிழ்நாட்டில் இருந்தால், 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிரஷரும் சுகரும் பார்ப்பார்கள். அடுப்பை விட்டு வர முடியாதவருக்கு அதுவே நல்ல தொடக்கம்.