ஏற்காட்டு வீட்டில் 6 லிட்டர் கேஸ் கீசர் இருந்தும் ரெண்டு குளியலறையிலும் ஒரே நேரத்தில் சுடுதண்ணீர் ஏன் வருவதில்லை?

கீசர் பழுதில்லை, கணக்குதான் இடிக்கிறது. இந்த 6 லிட்டர் கேஸ் கீசரில் தொட்டி கிடையாது, ஓடுகிற தண்ணீரை ஓடும்போதே சூடாக்கும்; 6 லிட்டர் என்பது நிமிடத்துக்கு வரும் அளவு. ஒரு நிமிடத்தில் ஒரு லிட்டரை ஒரு டிகிரி ஏற்ற ஏறக்குறைய 70 வாட் வேண்டும். 6 லிட்டரை 25 டிகிரி ஏற்றுவதற்கே பத்தரை கிலோவாட் ஆகிவிடும், அதற்கு மேல் அந்தப் பெட்டியிடம் சரக்கு இல்லை. சேலத்தில் டேங்க் தண்ணீரே 28 டிகிரி இருந்தால் 40-க்குக் கொண்டுபோக 12 டிகிரி போதும், அதே கீசர் தாராளமாகத் தரும். மேலே ஏற்காட்டில் மார்கழிக் காலையில் 15 டிகிரியில் தொடங்கினால்? நிமிடத்துக்கு மொத்தமே 6 லிட்டர், ரெண்டாகப் பிரித்தால் ஆளுக்கு 3, குளித்த மாதிரியே இருக்காது.

குளிர்நாட்டு வீடுகளில் அறைகளையும் குழாய்த் தண்ணீரையும் சேர்த்தே சூடாக்கும் காம்பி பாய்லருக்கும் இதே தலைவிதிதான்: 24 கிலோவாட் இருந்தும், 35 டிகிரி ஏற்றினால் நிமிடத்துக்குப் பத்து லிட்டர் பக்கம்தான் வரும்.

என்னைக் கேட்டால் ரெண்டாவது குளியலறைக்கு தொட்டியில் தண்ணீரைச் சூடாக்கி வைக்கும் 25 லிட்டர் ஸ்டோரேஜ் கீசர் தனியாகப் போடுங்கள். 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் மின் கீசர் வேண்டாம், அந்தக் குளிரில் நிமிடத்துக்கு 2 லிட்டர்கூடத் தேறாது. அப்புறம், கேஸ் கீசர் குளியலறைக்குள்ளேயே இருந்தால் முதலில் அதை வெளியே மாற்றுங்கள், கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் ஆளைக் கொல்லும்.