நோன்பு தொடங்கிய பிறகு முகமூடியா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சுவிட்சர்லாந்தின் பாசல் நகருக்குக் குடிவந்து இரண்டு வருடமாகிறது. மற்ற ஊர்களில் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முன்பே கார்னிவல் முடிந்துவிடுகிறது. இங்கே ஃபாஸ்நக்ட் என்னும் கார்னிவல் அதற்கு அடுத்த திங்கட்கிழமைதான் ஆரம்பிக்கிறது. தவக்காலத்தில் இது எப்படி? இன்னொன்று, மகளுக்குக் காகிதம் ஒட்டி ‘லார்வே’ என்னும் முகமூடி செய்தேன். மூக்கு சப்பிவிட்டது, உள்ளே பூஞ்சை வாடை. எங்கே தவறு?

— ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்தைய சனி வரை 46 நாள். ஞாயிறு உயிர்ப்பின் நாள், அன்று நோன்பில்லை. ஆறு ஞாயிறுகளைக் கழித்தால் 40. ஞாயிறையும் சேர்த்து எண்ணிய பழைய கணக்கில் நோன்பு ஆறு நாள் பிந்தி, செவ்வாயன்று பிறக்கும். அதற்கு முந்தைய நாள்தான் பாசலின் திங்கள். 1091இல் பெனவெந்தோவில் கூடிய திருச்சபைச் சங்கம் கணக்கை மாற்றியபோது பாசல் பழையதிலேயே நின்றுவிட்டது என்பதே வழக்கமான விளக்கம். 1529இல் நகரம் சீர்திருத்தச் சபைக்கு மாறிய பிறகும் விழா நிலைத்தது. திங்கள் அதிகாலை 4 மணிக்குத் தெருவிளக்குகள் அணையும். வியாழன் அதிகாலை 4 மணிக்கு எல்லாம் ஓயும். மொத்தம் 72 மணி நேரம்.

இனி மூக்கு. எல்லா அடுக்கையும் ஒரே நாளில் ஒட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஈரக் காகிதம் கனமானது, மூக்கோ உள்ளீடற்றது, தாங்காது. களிமண்ணில் முகம் செய்து, அதன்மேல் பிளாஸ்டர் ஊற்றி அச்செடுங்கள். அச்சின் உட்புறம் வாஸலின் தடவி, இரண்டு அடுக்கு மட்டும் ஒட்டி, காய விடுங்கள். காய்ந்ததா என்று கையால் பார்த்தால் ஏமாறுவீர்கள். கன்னத்தை வைத்துப் பாருங்கள். சில்லென்றிருந்தால் உள்ளே இன்னும் ஈரம். அது போன பிறகே அடுத்த இரண்டு அடுக்கு. முழுக்கக் காயும்வரை அச்சிலிருந்து எடுக்கவே கூடாது. காகிதத்தைக் கத்தரிக்காமல் கையால் கிழியுங்கள், கிழிந்த ஓரம் தடம் தெரியாமல் படியும். மூக்குக்குள் ஒரு சென்டிமீட்டர் அகலத் துண்டுகள் போதும், அகலமானவை மடிப்பு விழுந்து காற்றை அடைத்துக்கொள்ளும். ஒரு அடுக்கு வெள்ளை, அடுத்தது பழுப்பு என்று மாற்றினால் விட்டுப்போன இடம் கண்ணில் படும். மைதா பசையில் பூஞ்சை எளிதாகப் பிடிக்கும். சுவர்த்தாள் ஒட்டும் பசை நல்லது.

பிக்கோலோ என்னும் சிறு குழல் வாசிக்கிற பிள்ளை என்றால் வாய்க்குக் கீழே தாராளமாக வெட்டி விடுங்கள். இல்லையேல் குழல் உதட்டுக்கு எட்டாது. உள்ளே தலைக்கு இறுக்கமாக ஸ்பான்ஞ்சுப் பட்டை வையுங்கள்; ஆடினால் கண் துளை விலகி, தெருவிளிம்பு தெரியாமல் பிள்ளை தடுக்கி விழும்.

பாசலில் அரைவேஷத்தை விரும்பமாட்டார்கள். முகத்தில் சாயம் பூசி, தொப்பி மட்டும் போட்டு அனுப்பாதீர்கள். முடி, கழுத்து, கை எல்லாம் மறைந்து, அடுத்த வீட்டுக்காரருக்கும் யாரென்று தெரியாமல் இருக்கவேண்டும். வேடிக்கை பார்க்கிறவர்கள் சாதாரண உடையில், அந்த வருடத்து ‘பிளகெட்டே’ என்னும் விழாச் சின்னத்தைச் சட்டையில் குத்திக்கொண்டு நின்றால் போதும். செவ்வாய்க்கிழமை குழந்தைகளின் நாள், மகளை அன்றே இறக்குங்கள். தூவுவதற்குக் காகிதத் தூள் வாங்கினால் ஒரே நிறமாக வாங்குங்கள். பல நிறம் கலந்திருந்தால் தெருவில் கூட்டி அள்ளியதோ என்று சந்தேகப்படுவார்கள்.