ஒற்றைப் பாம்பா, ரெட்டைப் பாம்பா? – குன்னூர் போர்டுக்காரர் பதில்கள்

எங்கள் தெருவில் ஒரு டாக்டர் போர்டில் கோலைச் சுற்றி ஒரு பாம்பு. எதிர் வரிசையில் இன்னொரு கிளினிக்கில் இறக்கையோடு இரண்டு பாம்பு. எது சரி?
– வாசகி, கோத்தகிரி

ஒற்றைப் பாம்புதான் அம்மா. இந்த மலையில் ரெட்டைப் பாம்பைப் பரப்பியவர்களில் நானும் ஒருவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

ஃப்ளெக்ஸ் வருவதற்கு முன்னால், குன்னூர் கீழ் பஜாரில் தகரப் பலகையும் எனாமல் டப்பாவுமாக உட்கார்ந்திருந்தவன் நான். அப்போது ஒரு கிளினிக்குக்கு போர்டு எழுதினேன். மருந்துக் கம்பெனி காலண்டர் ஒன்றில் இருந்த படத்தைப் பார்த்து, இரண்டு பாம்பு, மேலே இறக்கை. அணில் முடி பிரஷ்ஷால் செதில் செதிலாக இழுத்தேன். மூடுபனிக் காலம், எனாமல் காய மூன்று நாள் ஆனது. கிளினிக்காரர்களுக்கும் பிடித்திருந்தது. அரச மரத்தடி நாகக்கல்லில் இரண்டு நாகம் பின்னிக்கொண்டிருப்பதைப் பார்த்துப் பழகிய கண் நமக்கு. இரண்டு இருந்தால்தான் நிறைவு.

ஒரு மாதம் கழித்து அங்கே சேர்ந்த ஓர் இளம் டாக்டர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். “இது வைத்தியத்தின் கோல் இல்லைங்க, வியாபாரத்தின் கோல்” என்றார். கிரேக்கர்களின் வைத்திய சாமி அஸ்கிளீபியஸ். அவர் கையில் இருப்பது சாதாரணத் தடி, அதில் ஒரே பாம்பு. இறக்கையும் இரண்டு பாம்பும் உள்ள கோல் ஹெர்மீஸ் உடையது. அவர் தேவர்களுக்குத் தூது போகிறவர், வியாபாரிகளுக்குக் காவல், திருடர்களுக்கும் அவரே காவல்! 1902-ல் அமெரிக்க ராணுவ மருத்துவப் பிரிவு இந்த ரெட்டைப் பாம்பைச் சின்னமாக எடுத்துக்கொண்டது. குழப்பம் பரவியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் கொடியைப் பாருங்கள், ஒரே பாம்புதான்.

போர்டை அழித்து மறுபடி எழுதினேன். பெயின்ட் காசு மட்டும் வந்தது, கூலி வரவில்லை. ஹெர்மீஸ் வேலையைக் காட்டிவிட்டார் என்று வைத்துக்கொண்டேன்.

இதோடு இன்னொன்று. டாக்டர் காரிலும் மருந்துக்கடையிலும் சிவப்புச் சிலுவை போடச் சொல்வார்கள், நானும் கணக்கில்லாமல் போட்டிருக்கிறேன். அதுவும் தவறு. சுவிட்சர்லாந்து கொடியின் நிறத்தைத் திருப்பிப் போட்டு 1864 ஜெனீவா ஒப்பந்தத்தில் ஏற்றுக்கொண்ட சின்னம் அது. போர்க்களத்தில் காயம்பட்டவர்களைத் தூக்குகிறவர்களை “சுடாதே” என்று காட்டுவதற்கு. நம் நாட்டில் 1960-ம் வருஷத்துச் சட்டப்படி அரசு அனுமதி இல்லாமல் யாரும் அதைப் பயன்படுத்தக் கூடாது. இது தெரிந்த பிறகு, கேட்பவர்களுக்குப் பச்சையில் போட்டுக் கொடுத்தேன். சிலர் கோபித்துக்கொண்டு ஊட்டிக்குப் போய் சிவப்பில் எழுதிக்கொண்டு வந்தார்கள்.

ரசீதில் 500 என்று எழுதி, பக்கத்தில் ஒரு சாய்கோடும் சிறு கோடும் (/-) போடுகிறார்களே, எதற்கு?
– வாசகர், அருவங்காடு

“பின்னால் யாரும் பூஜ்யம் சேர்க்காமல் இருக்க” என்பார்கள். இன்றைக்கு அதற்கும் பயன்படுகிறது, சரி. ஆனால் அது சில்லறை இல்லை என்பதற்கான குறி. இங்கிலாந்தில் 5/- என்றால் ஐந்து ஷில்லிங், பென்ஸ் இல்லை. அந்தச் சாய்கோடே முன்காலத்தில் நீட்டி எழுதிய ‘எஸ்’ எழுத்து இளைத்துப் போனதுதான். நம்மிடம் ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 தம்பிடி (பை). 12/8/0 என்றால் பன்னிரண்டு ரூபாய் எட்டு அணா. 1957 ஏப்ரலில் நயா பைசா வந்து அணாவைத் துரத்தியது. கோடு மட்டும் போகவில்லை.

என் அப்பா மளிகைக்கடை வைத்திருந்தார். அவருடைய பற்று வரவு நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது, பக்கத்தைப் புரட்டினால் மிளகாய் நெடி அடிப்பதுபோல இருக்கும். அதில் தொகைக்கு முன்னால் ௹ என்று ஒரு குறி. ‘ரூ’வையே கையை எடுக்காமல் சுழித்தது. 2010-ல் வந்த ₹ குறியை வரைந்த உதயகுமார் தமிழ்நாட்டுக்காரர், தேவநாகரி ‘ர’வையும் ஆங்கில ‘ஆர்’ எழுத்தையும் சேர்த்தார். அழகுதான். ஆனால் பிரஷ் பிடித்த கைக்கு ௹ எழுதுவதில் உள்ள சுகம் அதில் இல்லை. நீங்கள் கேட்காமலே சொல்கிறேன்.

அதே நோட்டில் வரிக்கு வரி ௸ என்று வரும். சின்ன வயதில் என்னவென்று கேட்டேன். “மேற்படி” என்றார் அப்பா, தலை நிமிராமல். யாரோ மேற்படி என்று ஒருவர் தினமும் அரிசியும் சீமை எண்ணெயும் கடன் வாங்குகிறார், அப்பாவும் கேட்காமல் கொடுக்கிறார் என்று ரொம்ப நாள் அந்த ஆள் மேல் எனக்குக் கோபம். பழைய பத்திரங்களில் ‘௸யார்’ என்று இருந்தால், மேலே சொன்னவர் என்று அர்த்தம்.

தண்ணீர் பாட்டில் அடியில் முக்கோணத்துக்குள் 1 என்று இருக்கிறது. ஒரு முறைதான் பயன்படுத்தலாம் என்றா?
– கல்லூரி மாணவர், கொடைக்கானல்

இல்லை தம்பி. அது பிளாஸ்டிக்கின் ஜாதி எண். 1 என்றால் பெட் (PET) என்ற வகை, 2 என்றால் கெட்டியான பாலித்தீன், 5 என்றால் டிபன் டப்பா செய்கிற பாலிபுரொப்பிலீன். 1988-ல் அமெரிக்காவில் பிளாஸ்டிக் தொழில்காரர்கள் குப்பையில் தரம் பிரிக்க வசதியாகக் கொண்டுவந்தது. அம்பு சுற்றுகிற முக்கோணம் அதற்கும் முந்தியது. 1970-ல் ஒரு போட்டிக்காக கேரி ஆண்டர்சன் என்ற 23 வயது கட்டடக்கலை மாணவர் மறுசுழற்சிக்கு வரைந்தது. அதற்குள் எண்ணைப் போட்டதும், எல்லா பாட்டிலும் மறுபடி பிறந்துவிடும் என்று ஜனங்கள் நம்பிவிட்டார்கள். முக்கோணம் இருப்பதாலேயே அதை வாங்கி உருக்க ஆள் இருக்கிறது என்று அர்த்தமில்லை. எங்கள் நீலகிரி மாவட்டத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலுக்கே தடை. பர்லியார் சோதனைச் சாவடியில் வாங்கி வைத்துவிடுவார்கள், அடியில் எந்த எண் இருந்தாலும்.

டிவி பொத்தானில் வட்டத்தை வெட்டிக்கொண்டு நிற்கும் கோடு?
– வாசகி, வெலிங்டன்

கோடு 1, வட்டம் 0. ஒன்று ஓடு, பூஜ்யம் நில். கோடு வட்டத்தை உடைத்துக்கொண்டு வந்தால் அரைத் தூக்கம். கரன்ட் கொஞ்சம் இழுத்துக்கொண்டே இருக்கும், சுவர் சுவிட்சை அணையுங்கள்.

ரயிலின் கடைசிப் பெட்டியில் பெரிய பெருக்கல் குறி எதற்கு? எங்கள் மலை ரயிலில் காணோமே?
– வாசகர், குன்னூர்

இதுதான் கடைசிப் பெட்டி என்பதற்கு. வண்டி கடந்து போகும்போது ஸ்டேஷன்காரர்கள் அதைத் தேடுவார்கள். தெரியாவிட்டால் ஏதோ ஒரு பெட்டி வழியில் கழன்று நின்றுவிட்டது என்று எடுத்துக்கொண்டு, அடுத்த வண்டியை விட மாட்டார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறி வரும் நம் வண்டியில் வால் பக்கம் போய்ப் பாருங்கள். அங்கே புகை விட்டுக்கொண்டு மொத்த வண்டியையும் தள்ளிக்கொண்டு வருவதே எஞ்சின்தான். எந்தப் பெட்டி அதைத் தாண்டிப் பின்தங்கும்?